நான் ஓடாத நாட்கள்

கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுப்பது என் வேலை. சர்க்கரை கூடியிருந்தால், "நடக்கணும் அண்ணாச்சி, உக்காந்த எடத்துலயே இருந்தா எப்படிக் கொறையும்?" என்று ரிப்போர்ட்டோடு சேர்த்து ஒரு வார்த்தையும் கொடுத்து அனுப்புவேன். கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் கூட்டம் இல்லை. என் ரத்தத்தை நானே எடுத்தேன். குழாயில் பெயர் எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டு மெஷினில் வைத்தேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எல்லையைத் தாண்டியிருந்தது. தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்து வந்தவருக்குச் சிரித்த முகத்தோடு ஊசி குத்தினேன். வீட்டில் சொல்லவில்லை. கணவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மகள் பிளஸ் டூ. யாரிடம் சொன்னாலும் நான் மற்றவர்களுக்குச் சொல்வதை எனக்குத் திருப்பிச் சொல்வார்கள் என்று தோன்றியது.

அந்த வாரமே லேபில் கூட வேலை பார்க்கும் பெண்கள், தை மாதம் தூத்துக்குடியில் பெண்களுக்கு ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது என்று போனில் காட்டினார்கள். "நான் ஓடுதேன்" என்றேன். சொன்ன வேகத்தில் பெயரும் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றை இறக்கிக்கொண்டேன். எந்தக் கிழமை எத்தனை கிலோமீட்டர், எந்தக் கிழமை ஓய்வு என்று எல்லாம் அதில் இருந்தது. சமையலறையில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் அதைக் குறித்து வைத்தேன். ஓடி முடித்ததும் ஒரு டிக் போட வேண்டும்.

எங்கள் வீடு பசுவந்தனை ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். கோழிக்கடை வரைக்கும்கூடப் போகவில்லை. மூன்று நாய்கள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. திரும்பி வந்து வாசலில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற வேலை. ஏழரைக்கு ஆபீஸ் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவர் கணவர் ஒரு பஞ்சு மில்லில் ராத்திரி வாட்ச்மேன். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே போன், அதுவும் அவரோடு மில்லுக்குப் போய்விடும்.

"என்ன மதினி, யாரும் வெரட்டுதாங்களா?"

"ஓடலாம்னு போனேன். நாய் விட மாட்டேங்குது."

"தனியாப் போனா நாய் மட்டுமா விடாது? நாளைக்கு நான் வாரேன். ஒரு கம்பு எடுத்துக்கிடுதேன்."

அப்படித்தான் அவர் வந்தார். எனக்குத் துணைக்கு. முதல் நாலைந்து நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பின்னாலேயே வேகமாக நடந்தார். அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். இரண்டாவது வாரம் நான் எனக்குப் புது ஷூ வாங்கினேன். அடி தேய்ந்துபோன பழைய ஷூவை அவருக்குக் கொடுத்தேன். அதையும் லேபில் எல்லோரிடமும் சொன்னேன், பெரிய தர்மம் செய்ததுபோல.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. ஐந்து மணிக்கு அவர் என் வீட்டுக் கேட்டைக் கம்பால் இரண்டு தட்டு தட்டுவார். நான் இறங்கி வருவேன். மக்காச்சோளக் காட்டுக்கும் உளுந்துக் காட்டுக்கும் நடுவே ரோட்டில் ஓடுவோம். ஓடும்போது அவர் கதை சொல்லிக்கொண்டே வருவார். வேனில் யார் யாரோடு சண்டை, எந்த மேஸ்திரி எவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதெல்லாம். எனக்குச் சிரிக்கக்கூட மூச்சு இருக்காது. அவருக்குப் பேசவும் மூச்சு இருந்தது. அதை அப்போதே நான் கவனித்தேன்.

ஐப்பசி மழை வந்தது. கூடவே காய்ச்சலும் வந்தது. லேபில் நிற்க இடமில்லாமல் ஆட்கள். தட்டணுக்கள் குறைந்துவிட்டனவா என்று ஒரே ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு தடவை பார்க்கச் சொல்லி டாக்டர்கள் எழுதினார்கள். ஐந்தரை மணிக்கு முடிய வேண்டிய வேலை எட்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து தோசை ஊற்றி, மகளுக்கு மறுநாள் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுப் படுத்தால், கால் தனியாக வலிக்கும், இடுப்பு தனியாக வலிக்கும். காலண்டரில் மறுநாள் ஆறு கிலோமீட்டர் என்று இருக்கும்.

முதல் தடவை ஓடாமல் விட்டபோது எழுந்து போய்ச் சொன்னேன். "இன்னைக்கு முடியலை மதினி."

"படுங்க, படுங்க. ஒடம்பு முடியாம எதுக்கு ஓட்டம்?" என்றவர் ஒரு நிமிடம் தயங்கினார். "வந்தது வந்துட்டேன். நான் மட்டும் கொஞ்ச தூரம் போயிட்டு வாரேன்."

அவருக்கு ஓட்டம் பிடித்துப்போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அவர் எனக்காக வருகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு காரணங்களாகச் சொன்னேன். கால் பிசகிவிட்டது, மாதவிலக்கு, இன்றைக்கு ஆறு மணிக்கே டூட்டி. ஒவ்வொன்றுக்கும் அவர் "அப்படியா மதினி" என்று என் முகத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைப் பார்க்க முடியாமல், சொல்வதற்கும் எழுந்து போகாமல் இருக்கத் தொடங்கினேன். கேட்டில் தட்டும் சத்தம் கேட்கும். கண் விழித்துத்தான் கிடப்பேன். ஒருநாள் ஜன்னல் திரையை விரலால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். தெருவிளக்குக்குக் கீழே மதினி நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை தட்டலாமா என்று கம்பைத் தூக்கினார். மகள் படிக்கிற பிள்ளை, தூக்கம் கெட்டுவிடும் என்று நினைத்திருப்பார் போல, தட்டாமல் இறக்கிக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரு காலை மடக்கிப் பின்னால் இழுத்து நின்றார். பிறகு அடுத்த கால். பத்து நிமிடம் எனக்காக நின்றுவிட்டு, தனியாக ஓடிப் போனார். நான் திரும்பிப் போய்ப் படுத்தேன். போய்விட்டார் என்பதில் வந்த நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது.

ஆறு மணிக்கு எழுந்து ஓடுகிற டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டேன். முகத்தையும் முன்தலை முடியையும் தண்ணீரால் நனைத்தேன். மகள் எழுந்து வந்து, "இன்னைக்கு எவ்வளவும்மா?" என்றாள். "ஆறு" என்றேன். காலண்டரில் டிக் போட்டேன். லேப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் "6 கி.மீ. முடிந்தது" என்று போட்டேன். கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. ஒருத்தி, "ஒங்களப் பாத்துதான் அக்கா நானும் எந்திரிக்கணும்னு நெனைக்குதேன்" என்று எழுதியிருந்தாள். அதற்கும் ஒரு நன்றி போட்டேன். இப்படி மூன்று வாரம்.

அந்த நாட்களில் ஒரு காலை, லேபுக்கு ஸ்கூட்டரில் கிளம்பும்போது மதினி ஓடி வந்துகொண்டிருந்தார். சேலை முழங்காலுக்குக் கீழே செருகியிருந்தது. என் பழைய ஷூவில் கரிசல் மண் அப்பியிருந்தது. மூச்சு சீராக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஓடைப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன் மதினி! நிக்கவே இல்ல!" என்றார். ஓடைப் பாலம் போய்த் திரும்பினால் எட்டு கிலோமீட்டர். நான் ஒருநாளும் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினேன். நாள் முழுக்க அந்த முகம் வந்துகொண்டே இருந்தது. எனக்குத் துணைக்கு வந்தவள்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆமாம், மனதுக்குள் "வந்தவள்" என்றுதான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து காலை ஆறரை இருக்கும். மதினியின் கணவர் மில்லிலிருந்து வந்த கையோடு, சைக்கிளைக்கூட வீட்டில் விடாமல், எங்கள் கேட் முன்னால் வந்து நின்றார். மகள் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"டீக்கடையில ஒருத்தன் சொல்லுதான், நம்ம வீட்டுல விடியுமுன்ன தனியா ஓடிட்டு வருதாளாம். நான் அவன்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன். அவ தனியாப் போவல, லேப் தங்கச்சி கூடத்தான் போறான்னு. அவளும் வீட்டுல அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கா. சரிதானே?"

நடந்தது என்ன என்பது அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வராததை மதினி வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஓட விடமாட்டார்கள். நான் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வாரமாக மகளிடமும் லேபிலும் கூசாமல் சொன்ன அதே பொய்தான். அவருக்காக இன்னும் ஒரு தடவை சொல்வது எனக்குக் கஷ்டமே இல்லை.

"நான் போயி மூணு வாரம் ஆச்சு அண்ணாச்சி. எனக்கு லேப் வேலையே சரியா இருக்கு" என்றேன்.

அந்த மூன்று வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அதை ஏன் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். நாளையிலிருந்து கேட்டில் தட்டும் சத்தம் இருக்காது. ஓடைப் பாலம் வரைக்கும் போய் வந்தேன் என்று யாரும் என் முன்னால் வந்து நிற்கமாட்டார்கள்.

அவர் சைக்கிளைத் திருப்பினார். மகள் வாயில் பிரஷ்ஷோடு என்னையே பார்த்தாள். நுரையைத் துப்பிவிட்டு, "அப்ப காலண்டர்ல போட்டது?" என்றாள். நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து கிளம்பிவிட்டேன்.

மறுநாள் யாரும் தட்டவில்லை. அன்றைக்கு ஆறு மணி வரை நன்றாகத் தூங்கினேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நாலாவது நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மதினி பக்கத்தில் வந்து நின்றார். என் மீது கோபமாக இருப்பார் என்று நினைத்து, குடத்தைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தேன்.

"ஒங்களுக்குத் தெரியாதுல்லா மதினி," என்றார் மெதுவாக. "நான் ஒரு வார்த்தை ஒங்ககிட்ட சொல்லி வச்சிருக்கணும். நீங்க பாவம், கேட்டதும் உள்ளதச் சொல்லிட்டீங்க. தப்பு எம்மேலதான்."

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. "ஆமா மதினி. தெரியாமச் சொல்லிட்டேன்" என்றேன்.

வீட்டுக்குள் வந்ததும் மகள் கேட்டாள். அவள் எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நீ ஓடாததுகூடப் பெருசில்லம்மா. அவிய ஓடிக்கிட்டு இருந்தாவல்லா?" அவ்வளவுதான் சொன்னாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அம்மா என்று எனக்கு இருந்த ஒரு உயரம் அந்த அறைக் கதவோடு சேர்ந்து சாத்திக்கொண்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி டூட்டிக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மதினி அடுப்படியில் இருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அண்ணாச்சி, மதினிய ஓட்டத்துக்குக் கூப்பிட்டது நான். வாரேன்னு சொல்லிட்டு வராம ஏமாத்துனதும் நான்தான். நாளையிலேருந்து நானே வந்து கூட்டிட்டுப் போறேன். கூடவே திரும்பி வருவேன்."

"பொம்பளையளுக்கு எதுக்குத் தங்கச்சி ஓட்டம்? நாள் முழுக்க கை வலிக்கப் பெட்டி அடைக்குதா. அது காணாதா?"

அடுப்படியிலிருந்து மதினி சொன்னார்: "எதுக்குன்னு என்கிட்டல்லா கேக்கணும்?"

"சரி, ஒங்கிட்டயே கேக்கேன். எதுக்கு?"

பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "அந்த ஒரு மணி நேரம்தான் என்னைய யாரும் 'ஏட்டி, இங்க வா'ன்னு கூப்பிடுததில்ல," என்றார்.

அண்ணாச்சி பொத்தானைப் போட்டு முடித்தார். வாசலில் இறங்கும்போது, "தங்கச்சி கூட வந்தா போகட்டும். தனியா வேண்டாம்" என்றார்.

அதனால் இப்போது நான் எழுந்தால்தான் மதினி ஓட முடியும். களைப்பு ஒன்றும் குறையவில்லை. காய்ச்சல் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. லேப் முதலாளியிடம் போய், ஆறு மணிக்கு மேல் நிற்க முடியாது என்று சொன்னேன். பதினான்கு வருடத்தில் அப்படி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் இன்னொரு ஆளைப் போட்டார். மகள் தன் சாப்பாட்டுக் காயைத் தானே நறுக்கிக்கொண்டாள். அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாரத்துக்கு நாலு நாள் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். கால் எழும்பாத நாளில் நடந்தேன். மதினி முன்னால் ஓடிப்போய், எனக்காகத் திரும்பி வந்து, மறுபடியும் முன்னால் போவார். பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவள் இப்போது நான்.

தூத்துக்குடிக்குப் போகவில்லை. லேப் பெண்கள் கேட்டபோது, குரூப்பில் போட்ட கிலோமீட்டரில் பாதிக்கு மேல் பொய் என்று டீ நேரத்தில் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க அக்கா" என்று ஒருத்தி சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் எழ நினைப்பதாக எழுதியிருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பொங்கல் முடிந்து ஒரு காலை. மக்காச்சோளம் அறுத்துக் காடு மொட்டையாகக் கிடந்தது. மதினி வழக்கம்போல் ஏதோ வேன் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு என்னால் ஓட முடியவில்லை. நின்றுவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு நான் தெரியாமச் சொல்லலை."

"என்னைக்கு?"

"அண்ணாச்சி வந்து கேட்ட அன்னைக்கு. சொன்னா ஒங்கள விடமாட்டாவன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க ஓடுனது எனக்குப் பொறுக்கலை."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"அன்னைக்கு அவிய என்னைய அடிச்சாவ மதினி," என்றார். "கல்யாணம் ஆயி இத்தன வருசத்துல அன்னைக்குத்தான் கை நீட்டுனாவ. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். உள்ளதச் சொன்ன பாவத்துக்கு நீங்க வருத்தப்படுவீங்களேன்னு."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். நான் பிடிப்பதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். என்ன முயன்றும் என்னால் எட்ட முடியவில்லை. வளைவில் திரும்பி மறைந்துவிட்டார். அவர் கணவர் வருவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே, தனியாகப் போகிறாரே என்று நானும் இரைக்க இரைக்க ஓடினேன். நான் போனபோது அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள், ஐந்து மணிக்கு அவர் வீட்டு முன்னால் போய் நின்றேன். உள்ளே விளக்கு எரியும், ஆள் வரவில்லை. நின்றுவிட்டுத் திரும்பினேன். தனியாக ஓட மனம் வரவில்லை. நாலாவது நாள் வந்தார். ஷூ கயிற்றைக் குனிந்து கட்டினார், என்னைப் பார்க்காமல் ஓடத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. என் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்தத் தாளை மகளிடம் காட்டினேன், முந்தி கிழித்துப் போட்டதைப் பற்றியும் சொன்னேன். மதினி வருகிறார். நான் கேட்டால் பதில் சொல்வார். வேன் கதைகள் சொல்வதில்லை. மன்னித்துவிட்டீர்களா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி" என்று சொல்லிவிடுவார், அந்த வார்த்தையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தெற்கே மின்னியது. மதினி முன்னால் போய்க்கொண்டிருந்தவர் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்து, நான் கேட்காமலே அவராகப் பேசினார்.

"கருக்கலா வருது. மழை பிடிச்சா இந்த மண்ணுல கால எடுக்க முடியாது. திரும்பிருவமா?"

"திரும்பிருவோம் மதினி" என்றேன். இருவரும் திரும்பினோம்.